சனிக்கிழமைக் கூட்டம்

"உள்ள கால வைக்காதடா. அப்படியே சந்து வழியா சுத்திக்கிட்டுக் கொல்லப்பக்கம் வா."

வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்ற காசிநாதன் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். ரெங்கநாதன் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை அடைத்துக்கொண்டு நின்றார். கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த காசிநாதனின் மகள் அம்மணி, நாரைக் கையில் பிடித்தபடியே எழுந்துவிட்டாள்.

"நான் குடிக்கலண்ணே. வேணும்னா ஊதிக் காட்டறேன்."

"குடிச்சிருந்தா நானே கைத்தாங்கலா உள்ள கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சிருப்பேன்டா. எத்தனை நாள் வச்சிருக்கேன்! இது அது இல்ல. பொன்மலையில தோட்டி வீரமலையோட ஒரே பெஞ்சில உக்காந்து, அவன் வாய் வச்ச கிளாஸ்ல டீ குடிச்சியாமே. நம்ம அரிசி மண்டிக்கு வந்தவன் நாலு பேரு முன்னால கேக்கறான். போ, முழுகிட்டு வா."

காசிநாதன் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. சந்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனான். ஐப்பசி மாதம், மாலையில் பெய்த மழை இன்னும் தூறிக்கொண்டிருந்தது. அவன் மனைவி கோதை கிணற்றில் வாளியை இறக்கினாள். அவள் இறைத்து ஊற்ற ஊற்ற அவன் பல் கிட்டித்துப்போய் நின்றான். நாற்பத்தைந்து வயது மனிதனைத் தெருவில் நிறுத்திக் குளிக்க அனுப்பியதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் ரெங்கநாதனும் குரலை உயர்த்தியிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காசிநாதன் பல வருஷமாகக் குடித்தவன். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு சாராயக் குடிசை உண்டு. அங்கே ஒரே ஓர் அலுமினியத் தம்ளர்தான். மண்டி முதலாளி வாய் வைத்தது, மாட்டு வியாபாரி வாய் வைத்தது, வீரமலை வாய் வைத்தது எல்லாம் அதுதான். கழுவிக் கொடுப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். அங்கிருந்து எத்தனையோ நாள் காசிநாதன் தள்ளாடிக்கொண்டு வந்து இந்த வாசலில் நேராக ஏறியிருக்கிறான். ஒரு நாளும் அவனை யாரும் கிணற்றடிக்கு அனுப்பியதில்லை. சாராயத்துக்குத் தீட்டுக் கிடையாதா, அல்லது முழுகச் சொன்னால் அவன் எங்கே போய் வந்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமா? ஸ்ரீரங்கத்துக் கீழ அடையவளஞ்சான் தெருவில் இதற்கு விளக்கம் சொல்ல ஆளில்லை.

அது மதுவிலக்குக் காலம். சட்டப்படி பார்த்தால் ராஜ்யத்தில் குடிகாரனே கிடையாது. சட்டம் சொன்னதை ரெங்கநாதனின் வீடும் அப்படியே கடைப்பிடித்தது. காசிநாதன் பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு வார்னிஷ் பூசும் பிரிவில் இருந்தான். சாராயம் கிடைக்காத நாளில் அந்த வார்னிஷையே வடிகட்டிக் குடிப்பார்கள். அவன் வாந்தி எடுத்தால் வீட்டில் 'பித்தம்' என்பார்கள். வேலைக்குப் போகாவிட்டால் 'மேலுக்கு முடியலை'. ரத்தமாக வாந்தி எடுத்த அன்றுகூட, பெரியாஸ்பத்திரி டாக்டர், "எத்தனை வருஷமாக் குடிக்கிறார்?" என்று கேட்டபோது, கோதையின் வாயில் பழக்க தோஷத்தில் வந்தது ஒரே பதில்தான்: "அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாதுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "சரி, கிடையாது. ஆனா இனிமே ஒரு தடவை ஆரம்பிச்சாருன்னா இருக்க மாட்டார். ஈரல் அவ்வளவு கெட்டிருக்கு. இத அந்தப் பழக்கம் இல்லாதவர்கிட்டச் சொல்லிடுங்க" என்றார்.

அதற்கப்புறம் கோதை செய்யாதது இல்லை. சமயபுரத்துக்கு நடந்தாள். ரசத்தில் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு வைத்தியர் கொடுத்த வேரை அரைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்து அவன் வயிறு போனதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. எதற்காக இதெல்லாம் என்று யாரிடமும் அவளால் சொல்ல முடியாததுதான் பெரிய பாடு. வேண்டுதல் சீட்டில்கூட 'குடும்ப நலம்' என்றுதான் எழுதிப் போட்டாள்.

ஒருநாள் வொர்க்‌ஷாப்பில் கிரேன் ஓட்டுகிற லூர்து, காசிநாதன் விட்டுவிட்டு வந்த சாப்பாட்டு அடுக்கைக் கொடுத்துவிட்டுப் போக வந்தார். கோதை வழக்கம்போல, "அவருக்குப் பித்தம், படுத்திருக்காரு" என்றாள்.

லூர்து சிரிக்கவில்லை. "எனக்கும் அந்தப் பித்தம் இருந்துச்சும்மா. இவரவிட மோசம். என் சம்சாரம் தாலியத் தலகாணிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா. நான் குடிகாரன்மா. இப்பக் குடிக்கறதில்ல" என்றார்.

அந்த வீட்டுக் கூடத்தில் அந்தச் சொல்லை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கோதைக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தினால் அல்ல, தன்னைப்போல் இன்னொரு வீடும் இருக்கிறது என்ற ஆறுதலினால். எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். பொன்மலையில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் சனிக்கிழமைதோறும் கூடுகிறார்கள் என்றார். மருந்து கிடையாது, மந்திரம் கிடையாது. ஒவ்வொருத்தராக எழுந்து பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொல்லி, பட்டதைச் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்பார்கள். பம்பாயிலிருந்து ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, ரயில் டிரைவர் கற்றுக்கொண்டு வந்த வழக்கம் அது.

"அவ்வளவுதானா?" என்றாள் கோதை.

"அவ்வளவுதான். ஆனா பொய் சொல்லக்கூடாது. அதுதாம்மா கஷ்டம்."

முதல் சனிக்கிழமை கோதையும் கூடப் போனாள். பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை காசிநாதன், "போலீஸ் வந்து நின்னா என்ன பண்றது? குடிச்சேன்னு ஒத்துக்கிட்டா அதுவே கேஸ்தான?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். கொட்டகையில் பெஞ்சுகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கோதை வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போன காசிநாதன் அதே வேகத்தில் திரும்பி வந்தான்.

"நம்ம கொல்லைக்கு வரவன் உக்காந்திருக்கான் கோதை."

ஸ்ரீரங்கம் முனிசிபாலிட்டியில் எடுப்புக் கக்கூஸ் சுத்தம் செய்கிறவன் வீரமலை. தினமும் விடிந்ததும் பின்சந்து வழியாக வந்து, சுவரின் அடியில் இருக்கிற துவாரத்தைத் திறந்து வாளியை எடுத்துப் போவான். இத்தனை வருஷத்தில் காசிநாதன் அவன் குரலைக் கேட்டிருக்கிறானே தவிர முகத்தை நேராகப் பார்த்தது கிடையாது. வாய்க்கால் குடிசை இருட்டிலும் பார்த்ததில்லை, அல்லது பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

"அவனே வெக்கப்படாம உக்காந்திருக்கான். நீங்களும் போய் உக்காருங்க" என்றாள் கோதை. டாக்டர் சொன்னதைத் தவிர அன்று அவள் காதில் வேறெதுவும் ஏறவில்லை.

போய் உட்கார்ந்தான். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. வீரமலை எழுந்து பேசியதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். வீரமலை ஒன்றும் மகான் இல்லை. கோபக்காரன், தெலுங்கும் தமிழுமாகக் கெட்ட வார்த்தை சரளமாக வரும். "குடிக்காம அந்த வாளியத் தூக்க முடியாதுன்னாங்க. எங்கப்பனும் சொன்னான், மேஸ்திரியும் சொன்னான். இப்பக் குடிக்காமத் தூக்கறேன். நாறத்தான் செய்யுது. முன்ன தெரியல, இப்பத் தெரியுது. அதான் வித்தியாசம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். கூட்டம் முடிந்ததும் டீ வரும். ஆளுக்கொரு கிளாஸ் இருக்காது. ஒருத்தர் குடித்துவிட்டு அலசிக் கொடுத்தால் அடுத்தவர் குடிக்க வேண்டும். வீரமலை அலசி நீட்டிய கிளாஸை நாலாவது வாரம் காசிநாதன் வாங்கிக் குடித்தான். அன்றுதான் எழுந்து, "எம் பேரு காசிநாதன். நான் குடிகாரன்" என்று சொன்னான். சொல்லும்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். சொன்ன பிறகு நிற்க முடிந்தது.

ஆடியில் ஆரம்பித்தது. ஐப்பசி வரை அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. முகத்தில் வீக்கம் வடிந்தது. ஒருநாள் சோறு போதவில்லை என்று இன்னொரு கரண்டி கேட்டான். கோதை சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கூடத்தில் உட்கார்ந்து தன்னோடு தாயக்கட்டம் விளையாடியதை அம்மணி சினேகிதிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

இதெல்லாம்தான் ஐப்பசி மாதத்து அந்தச் சனிக்கிழமை மழையில் போயிற்று.

தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்த தம்பியை ரெங்கநாதன் எதிரில் உட்காரச் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். மனைவி இறந்தபின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளையும் கிடையாது. காந்தி மார்க்கெட்டில் அரிசி மண்டி வைத்துச் சம்பாதித்ததெல்லாம் அம்மணிக்குத்தான். தம்பி ரத்தம் கக்கியபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சாப்பிடாமல் கிடந்தவரும் அவர்தான்.

"லால்குடியிலேருந்து பொண்ணு பாக்க வராங்க, தெரியுமில்ல? அம்பது வேலி நெலம் உள்ள குடும்பம். அம்மணிக்கு வேற எங்கயும் தேட வேண்டாம்னு நான் நினைச்சிட்டிருக்கேன். நீ என்னடான்னா ஊரக் கூட்டி வச்சு நான் குடிகாரன், நான் குடிகாரன்னு எழுந்து நின்னு சொல்றியாம்!"

"சொன்னாத்தாண்ணே நிக்குது."

"வீட்ல உக்காந்து நிறுத்து. யாரு வேணாங்கறா? நாலு சுவத்துக்குள்ள நீ குடிக்கலாம், நிறுத்தலாம், எது வேணா பண்ணலாம். தெருவுக்கு வரக்கூடாது."

அடுப்படி நிலைக்குப் பின்னால் நின்றபடி கோதை சொன்னாள்: "டாக்டர் சொன்னத மறந்துட்டீங்களா? அங்க போறதுனாலதான் இவரு உசுரோட இருக்காரு."

"கோயில் இருக்கு, பெருமாள் இருக்காரு. போய்ச் சேவிக்கட்டும். தோட்டி மூஞ்சியப் பாத்தாத்தான் குடி போகுமாம்மா?"

அதோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் பேச்சு எப்போதும் ரெங்கநாதனோடுதான் முடியும். அடுத்த சனிக்கிழமை காசிநாதன் வீட்டிலேயே இருந்தான். சாயந்திரமானதும் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தான். 

ஒரு வாரம் போயிருக்கும். விடியற்காலையில் பல் விளக்கக் கிணற்றடிக்கு வந்த கோதை, கொல்லைச் சுவரோரம் காசிநாதன் நிற்பதைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப்புறம் வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

"எசமான், இருக்கீங்களா?"

"இருக்கேன் வீரமலை."

"இன்னைக்கு?"

"இன்னைக்குத் தொடல. நீ?"

"நேத்து மேஸ்திரி வாயக் கிளறிட்டான் எசமான். குடிசை வரைக்கும் போயிட்டேன். அப்புறம் திரும்பிட்டேன். லூர்து சார் உங்களக் கேட்டாரு."

"வர முடியல."

"தெரியும். நாளைக்கு வரேன்."

பொன்மலையில் 'அண்ணே' என்று கூப்பிட்டவன் இங்கே 'எசமான்' என்றுதான் கூப்பிட்டான். சந்துக்குச் சந்துக்குரிய மரியாதை. இருந்தாலும் தினமும் அந்த நேரத்துக்குக் காசிநாதன் சுவரோரம் வந்து நின்றான். வட்டமாகப் போட்ட பெஞ்செல்லாம் போய், கக்கூஸ் சுவருக்கு இந்தப்புறம் ஒருவனும் அந்தப்புறம் ஒருவனுமாகக் கூட்டம் சுருங்கிவிட்டது. நாற்றத்தில் கோதைக்குக் குமட்டும். ஆனாலும் யாரும் அந்தப் பக்கம் வந்துவிடாமல் கிணற்றடியிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டு காவல் இருப்பாள். கார்த்திகை முழுவதும் அப்படி ஓடியது. அவன் குடிக்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு லால்குடியிலிருந்து இரண்டு வாடகைக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சின்னையா, உரக்கச் சிரிக்கிற, தாராளமான மனிதர். தட்டு மாற்றி, சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் ஆண்களில் நாலைந்து பேர் மாடி அறைக்குப் போனார்கள். சின்னையா துண்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். பட்டாளத்தில் இருக்கிற மைத்துனன் கொண்டுவந்த ரம். மதுவிலக்குக் காலத்தில் அதைவிடப் பெரிய சீர் எதுவும் கிடையாது. சட்டத்துக்குப் பயந்து கதவைச் சாத்தினார்கள்.

"சம்பந்தி, மொதல் வாய் உங்களுது" என்று கிளாஸை நீட்டினார்.

"எனக்குப் பழக்கமில்லீங்க" என்றான் காசிநாதன்.

"பழக்கமில்லைன்னா என்ன, இன்னைக்குப் பழகிக்கலாம். நான் என் கையால ஊத்திக் கொடுக்கறேன், வேணாங்கறீங்களே. எங்க வழக்கத்துல சம்பந்தி கைய மறுத்தா சம்பந்தமே வேணாம்னு அர்த்தம், ஆமா!" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஒரு வாய் தொட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது, நான் குடிகாரன் என்று சொல்ல வேண்டும். பொன்மலைக் கொட்டகையில் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். அதைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான். எதிரே ரெங்கநாதன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ கேலி செய்ததற்கு அம்மணி சிரிப்பது மாடிவரை கேட்டது.

"கூச்சப்படறான். வாங்கிக்கடா" என்றார் ரெங்கநாதன்.

தான் குடிகாரன் என்பது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் காசிநாதன் குடித்தான்.

மறுநாள் விடியற்காலை சுவரோரம் வந்து நின்றதென்னவோ நின்றான். "எசமான், இன்னைக்கு?" என்று குரல் வந்தது. "இல்ல" என்றான். சுவருக்கு அந்தப்புறம் வாளி எடுக்கிற சத்தம் பாதியில் நின்றது. அந்த வாளியின் நாற்றத்தையும் மீறி வீரமலைக்கு ஒரு வாடை தெரிந்திருக்க வேண்டும். பழகிய மூக்கு அல்லவா? "சரிங்க எசமான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துவாரத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அதற்குப் பிறகு காசிநாதன் சுவர்ப்பக்கம் வரவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. மணவறையில் தாரை வார்த்துக் கொடுக்கும்போது அவன் கை நடுங்கித் தண்ணீர் சிந்தியதைப் பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். மாசிக்குள் மறுபடியும் வார்னிஷ் வரை போய்விட்டான். உய்யக்கொண்டான் கரையில் விழுந்து கிடந்தவனை ஒருநாள் சம்பந்தி ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட இருந்தார். அன்றிலிருந்து ரெங்கநாதன் ஒரு ஏற்பாடு செய்தார். சரக்கை அவரே வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்து, தம்பியின் கட்டிலடியில் வைத்தார்.

"நீங்களே வாங்கிக் கொடுக்கறீங்களே, இது அடுக்குமா?" என்று கோதை கேட்டாள்.

"வெளிய போய் விழாம இருக்கானில்ல?" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை கோதை, மானத்தை விட்டு, அவனைக் கையைப் பிடித்து எழுப்பி, "வாங்க, பொன்மலைக்குப் போவோம். நான் பாத்துக்கறேன்" என்றாள். தெருக்கோடி வரை நடத்திக்கொண்டும் போய்விட்டாள். பஸ் வரவில்லை. அவனால் நிற்க முடியவில்லை, ஒரு கடைப் பலகையில் உட்கார்ந்தான். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் முன்னால போயி உக்காரட்டும்?" என்று கேட்டான். அவன் என்று சொன்னது அண்ணனை அல்ல, வீரமலையை. கோதை அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனி மாதம் ஒரு பகலில் காசிநாதன் செத்துப்போனான். கண்ணும் தோலும் மஞ்சளாக இருந்ததால் மஞ்சள்காமாலை என்று சொல்வது ரெங்கநாதனுக்கு வசதியாக இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். லால்குடியிலிருந்து அம்மணி அழுதுகொண்டு வந்தாள். சின்னையாவும் உறவினர்களும் தெருவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லூர்து வந்து மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றார். அவருக்குப் பின்னால், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு சின்ன மாலையோடு வீரமலை வந்தான்.

அவன் வாசல் பக்கம் வந்தது ஜன்மத்தில் அதுதான் முதல் தடவை. ரெங்கநாதன் எழுந்து அவனிடம் போனார்.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. சந்து வழியா கொல்லைக்குப் போய் இரு. பாய், தலகாணியெல்லாம் எடுத்துப் போடறேன்."

செத்தவன் படுத்த படுக்கையைத் தோட்டிதான் வந்து எடுத்துப் போக வேண்டும் என்பது வழக்கம். அதற்குத்தான் வந்திருக்கிறான் என்று அவர் நினைத்தார். வேறு எதற்கும் அவன் வரக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வீரமலை ஒரு நிமிஷம் லூர்துவைப் பார்த்தான். பிறகு மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சந்துக்குள் போனான்.

உள்ளே பிணத்தின் காலடியில் இருந்த கோதை இதைப் பார்த்தாள். எழுந்து, பெண்கள் தடுக்கத் தடுக்கக் கொல்லைக்கு வந்தாள். ரெங்கநாதன் பாயையும் தலையணையையும் சுருட்டிச் சந்துக் கதவுக்கு வெளியே போட்டார். கட்டிலடியில் மிச்சமிருந்த பாட்டிலையும் கொண்டுவந்து அந்தச் சுருட்டின் மேல் வைத்தார். முக்கால்வாசி இருந்தது.

"இதையும் எடுத்துட்டுப் போ. வீட்ல இருக்கப்படாது. உனக்காவது ஒதவும்."

"வேணாங்க எசமான். நான் குடிக்கறதில்ல."

"அட, சும்மா எடுத்துக்கடா. எங்கிட்டயா நடிக்கற?"

வீரமலை பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டான். எசமான் சொன்னதற்காகப் பாட்டிலையும் கையில் எடுத்தான். அதை அவனால் கீழே வைக்கவும் முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. கோதை சந்தில் இறங்கினாள். அவன் விரல்களைப் பிரித்து அந்தப் பாட்டிலைப் பிடுங்கி, சாக்கடையில் கவிழ்த்தாள்.

"என்ன பண்ற? சம்பந்தி வீட்டுக்காரங்க இருக்காங்க!" என்று ரெங்கநாதன் பல்லைக் கடித்தார்.

"இருக்கட்டும், கேக்கட்டும்! எம் புருசனுக்கு ஒரு காமாலையும் வரல. குடிச்சுத்தான் செத்தாரு. இந்த வீரமலைகூட ஒரே பெஞ்சில உக்காந்து டீ குடிச்ச வரைக்கும் அவரு குடிக்கல. இவன் அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்த வரைக்கும் உசுரோட இருந்தாரு. அதக் கெடுத்தீங்க. வெளிய தெரிஞ்சா அம்மணி கல்யாணம் நின்னுடும்னு கெடுத்தீங்க. கட்டிலடியில கொண்டாந்து வச்சுக் கொன்னீங்க!"

அவள் கத்தியது தெருவரை கேட்டது. வாசலில் ஒப்பாரி நின்றுவிட்டது. சின்னையா எழுந்து கூடத்தைத் தாண்டிக் கொல்லைக்கு வந்தார். அவர் பின்னாலேயே அம்மணி ஓடிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெங்கநாதனின் முகம் வெளுத்துவிட்டது.

சின்னையா கோபப்படவில்லை. ரொம்பத் தணிவாகத்தான் பேசினார்.

"எதுக்கும்மா இப்படிச் சத்தம் போடறீங்க? அவரு குடிப்பாருன்னு பொண்ணு பாக்க வரதுக்கு முந்தியே எங்களுக்குத் தெரியும். விசாரிக்காம வருவமா? ஆம்பள, வேலை பாக்கற எடம் அப்படி. அதுக்காக ஒரு நல்ல பொண்ண யாராவது வேணாம்பாங்களா? தெரிஞ்சுதான அன்னைக்கு நானே நல்ல சரக்காக் கொண்டாந்தேன்."

கோதை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். 

சின்னையா சந்தில் நின்ற வீரமலையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "ஆனா இவன்கூட உக்காந்து டீ குடிச்சாருங்கறது இப்பதாங்க கேள்விப்படறேன். அது மட்டும் அப்ப எங்க காதுல விழுந்திருந்தா யோசிச்சிருப்போம். உள்ளதச் சொல்றேன். சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே இத வாயில எடுக்காதீங்க. அம்மணி எங்க வீட்ல வாழணுமில்ல?"

அம்மணி தலையைக் குனிந்துகொண்டாள். வீரமலை பாய்ச் சுருட்டோடு சந்தில் நடந்து போனான். ரெங்கநாதன் ஒரு பெருமூச்சு விட்டார். தம்பி படுக்கையில் விழுந்த நாளிலிருந்து, நாம்தான் தப்புச் செய்துவிட்டோமோ என்று அவரை அரித்துக்கொண்டிருந்த ஒன்று, அந்த நிமிஷத்தோடு தீர்ந்தது. தான் செய்ததுதான் சரி.

"நேரமாகுது, தூக்குங்கப்பா" என்றார். அவர் குரலில் பல மாதத்துக்குப் பிறகு தெம்பு இருந்தது.